ஆமர் வீதிச் சந்தியில் மணிக்கு 214

மார்கழி மழையில்
மீற்றர் முள் நாற்பதில் ஒட்டிக்கொண்டது.
அதற்குப் பிறகு எட்டு மாதம்
படிக்கட்டடியில் நின்றாலும் நாற்பது,
கிராண்ட்பாஸ் நெரிசலில் காலால் தள்ளிப் போனாலும்
நாற்பது.

பஞ்சிகாவத்தையில் விலை கேட்டேன்.
இந்த மொடலுக்கு இனிச் சாமான் வராது,
வந்தாலும் பைக்கை விற்றுத்தான் வாங்கவேணும் என்றான்.
அவன் சிரிக்கவில்லை.

முதலாம் குறுக்குத் தெரு. மாடிப்படிக்குக் கீழே
ஆள் குனிந்து நுழையும் ஹில்மியின் கடை.
ஒரு காந்த உணரி, தீப்பெட்டியளவு திரை,
இரண்டு விரல் அகலத்தில் ஒரு போர்ட்,
ஈயக்கம்பி இரண்டு முழம்.
பூக்காரி மாதிரிக் கையால் அளந்து
அரை முழம் கூடவும் விட்டான்.

வீட்டில் இருப்பது ஒரே மேசை.
ஒரு பக்கம் நிரோஜினி
தரம் ஒன்பதின் தமிழ்த் தாள் திருத்துவாள்.
மற்றப் பக்கம் புகை.
இருமிக்கொண்டே எழும்பி
முன்சில்லைச் சுற்றி நூல் பிடித்தாள்:
ஒரு மீற்றர் எண்பத்தேழு சதமமீற்றர்.
சில்லு ஒரு சுற்று, காந்தம் ஒரு தட்டு,
மிச்சம் பெருக்கல்தான்.

திரைக்குத் தமிழ் தெரியாது.
பக்கத்து வீட்டுப் பெடியனின் கணக்குக் கொப்பியில்
ஒரு தாள் கிழித்துக் கட்டம் கட்டமாய்
எழுத்தை அவள்தான் நிரப்பினாள்.
வே-யின் இரட்டைக்கொம்பு ஏழு கட்டத்தில் அடங்கவில்லை,
எட்டாவதைத் திருடினாள்.
பெற்றோல் என்றெழுத இடம் காணாது,
ஒரு துளி கீறிவிட்டாள்.
வேகம், அதன் கடைசிப் புள்ளிக்கு
ஒரே ஒரு கட்டம்.
அதை மட்டும் பென்சில் முனை உடைய
இரண்டு தரம் கறுப்பாக்கினாள்.
'புள்ளி வைக்காத பிள்ளைக்குப்
புள்ளி குறைப்பன், தெரியுமோ?'

திங்கட்கிழமை. ஆமர் வீதிச் சந்தி. சிவப்பு.
வலது கால் தரையில்.
முன்னால் கடற்கரைப்பக்கம் போகிற பஸ்,
பின்னால் சீமெந்து லொறி.
சோற்றுப்பெட்டி மூடிக்குள்
நீலமாய் எரிகிறது
வேகம் 214.

போக்குவரத்துப் பொலிஸ்காரர் நடந்து வந்தார்.
'மேக்க மொகக்த?'
நானே செய்தது என்றேன், உடைந்த சிங்களத்தில்.
இலக்கத்தைப் பார்த்தார்.
என் காலைப் பார்த்தார்.
திரும்ப இலக்கத்தைப் பார்த்தார்.
பிறகு விரலை எழுத்தின்மேல் வைத்து,
இது என்ன?
'வேகய' என்றேன்.
'அப்பிட்டத் ஏக்க தமய்' என்று
தொப்பியைத் தூக்கி வியர்வை துடைத்தார்.
தண்டம் எழுதினால்
எந்த நீதவான் நம்புவார் என்று கேட்டார்.
பச்சை விழுந்தது. லொறி அலறியது.

இரவு பிழையைக் கண்டுபிடித்தோம்.
உணரியின் வயர் பிளக் வயரோடு ஒட்டி ஓடியிருக்கிறது.
பொறி விழுந்ததையெல்லாம்
சில்லு சுற்றியதென்று எண்ணியிருக்கிறது போர்ட்.
கூரையில் கிடந்த பழைய அன்ரனாக் கேபிளை உரித்து
கம்பியை அதற்குள் போட்டு
மறுபக்கத்தால் இழுத்தேன்.
இப்போது நின்றால் 3 காட்டுகிறது.
ஏனென்று தெரியவில்லை.

பழைய மீற்றரில் இருந்த 61,408-ஐ
திங்கள் காலையே தூரத்துக்குக் கொடுத்திருந்தேன்.
சந்தியில் நின்ற மூன்று நிமிடத்தில்
அதோடு பத்துக் கிலோமீற்றர் சேர்ந்திருந்தது,
ஓடாமலே.
அழி என்றாள் நிரோஜினி, பொய்க்கணக்கு.
ஒரு வரி மாற்றினால் போதும்.
எட்டு மாதம் ஓடியும் எண்ணப்படாத தெருக்களுக்கு
இந்தப் பத்து எந்த மூலைக்குக் காணும்?
விட்டுவிட்டேன். அவள் சிவப்புப் பேனையை மூடவில்லை.

இன்று மழை. மூடிக்குள் ஆவி படிந்து
இலக்கம் தெரியவில்லை,
புள்ளி மட்டும் தெரிகிறது.
சிலிக்கன் குழாய் வாங்கவேணும்.
ஆறு மணிக்கு ஹில்மி கடையைப் பூட்டிவிடுவான்.